எட்டு நாற்காலிகள்

எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை வந்த மாதத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரு வேளைகூட நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கு இருந்த குறைகளை எழுதி வைக்கச் சொல்லியிருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாமல் போயிருக்கும்.

எல்லாம் ஒரு போன் காலில் தொடங்கியது. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேசினார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அடுத்த மாதம் பத்திரிகை வைக்க வருகிறோம் என்று இரண்டே வாக்கியம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைக் கடந்து அம்மா வீட்டார் யாரும் வந்து நான் பார்த்ததில்லை. அம்மா சர்ச்சுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள், அப்பா வீட்டுக் குலதெய்வக் கோயில் வ. புதுப்பட்டிப் பக்கம், வீட்டார் சம்மதிக்காத கல்யாணம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பாடப் புத்தகத்தில் வரும் செய்தி தெரிவதுபோலத்தான் தெரியும்.

மறுநாளே அம்மா வீட்டை மாற்றத் தொடங்கினாள். அவள் பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வீட்டை அழகுபடுத்தும் வீடியோக்களாகப் போனில் பார்த்தாள். வாசலில் நுழைகிறவருக்குச் சோபா முதுகைக் காட்டக் கூடாதாம். சோபா திரும்பியது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டுமாம், டிவியைப் பார்க்கக் கூடாதாம். டிவி படுக்கையறைக்குப் போனது. அப்பா நூல் மில்லில் நைட் ஷிப்ட் ஃபிட்டர். பகல் முழுக்க அந்த அறையில்தான் தூங்குவார். ஆக எனக்கு டிவி இல்லை. டியூப் லைட்டின் வெளிச்சம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு மாட்டினாள். அதன் கீழே வீட்டுப்பாடம் எழுதி, ஏழு என்ற எண்ணை ஒன்று என்று படித்து, கணக்கு டீச்சரிடம் நான் அடி வாங்கினேன்.

ஆஸ்பத்திரி மாதிரி இருக்கக் கூடாது என்று பல்பை மாற்றியவள், கம்பெனியில் கழித்துப்போட்ட காஸ் துணியைக் கொண்டுவந்து ஜன்னல்களுக்குத் திரை தைத்தாள். புண்ணுக்கு வைத்துக் கட்டுகிற அதே துணிதான். மஞ்சள் சாயத்தில் முக்கியிருந்தாள். காலையில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்று அதைப் பார்த்தார்.

“வாரவிய ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா வாங்கிட்டு வரப் போறாவ” என்றார்.

அப்பா வழக்கம்போல இடது பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல நாற்காலி இருக்கும் இடத்தில் உட்காரப் போனார். நாற்காலி அங்கே இல்லை. அன்று முழுவதும் அவர் அம்மாவிடம் பேசவில்லை.

அடுத்து சுவர். ஹாலுக்கும் பின்னால் இருந்த சின்ன ஸ்டோர் ரூமுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. அதை இடித்தால் சாப்பிடுகிற இடமும் உட்கார்ந்து பேசுகிற இடமும் ஒன்றாகத் திறந்துகொள்ளும் என்று அம்மா சொன்னாள். கொத்தனார் வந்தார். ஒரு நாள் வேலை என்றவர் இடித்துவிட்டு ஒன்பது நாள் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் சோற்றில் சிமெண்ட் நெறுநெறுத்தது. ஸ்டோர் ரூமில் இருந்த அரிசி மூட்டையும், ஓடாத மிக்ஸியும், பழைய சைக்கிளும் என் கட்டிலைச் சுற்றி வந்து நின்றன. சைக்கிள் ஹேண்டில் பாரைப் பார்த்தபடி நான் தூங்கினேன்.

பிறகு மேசை வந்தது. வன்னியம்பட்டியில் ஓர் ஆசாரியிடம் அம்மா சொல்லிச் செய்தது. எட்டு நாற்காலி. வீட்டில் இருப்பது மூன்று பேர். எதற்கு எட்டு என்று கேட்டேன்.

“எண்ணித்தான் சொல்லியிருக்கேன். போயி வேலையப் பாரு.”

லோடு ஆட்டோவில் வந்த மேசை வாசலுக்குள் நுழையவில்லை. காலைக் கழற்றிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் ஆசாரி வீட்டுக் கதவையே கழற்றினார். அப்பா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். எழுப்பி ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். லுங்கியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தூக்கத்தில் பாதிக் கண் மூடியிருக்க, மேசையின் ஒரு முனையைத் தாங்கியபடி அப்பா சொன்னார்:

“மேசைய முதல்ல போட்டுட்டு, பொறவு அதச் சுத்தி வீட்டக் கட்டியிருக்கணும்.”

ஆசாரி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கதவை மறுபடி மாட்டச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று எங்கள் வீட்டு ஹாலை வேடிக்கை பார்த்தார்கள்.

சரி, வந்ததுதான் வந்தது, இனி அதில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தட்டோடு போனேன். கறை படும் என்று துரத்திவிட்டாள். மேசைக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பு, நாற்காலிகளுக்குப் பழைய சேலை உறை. நாங்கள் அடுக்களைத் தரையில், முழங்காலை முழங்கால் இடிக்க, முன்னைவிட நெருக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மேசையைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். ஃபிரிட்ஜைத் திறக்க ஒரு நாற்காலியை நகர்த்த வேண்டும், அதை நகர்த்த இன்னொன்றை நகர்த்த வேண்டும். மேசை முனை இடித்து இடித்து என் இடுப்பில் நீலமாகக் கன்றியிருந்தது. அதை அம்மாவிடம் காட்டியபோது, பார்த்துப் போக வேண்டியதுதானே என்றாள்.

அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வருவார்கள் என்று அம்மா காலை ஐந்து மணிக்கே சமைக்கத் தொடங்கிவிட்டாள். மட்டன் குழம்பு, சுக்கா, கோழி வறுவல், ரசம், மோர். பன்னிரண்டு மணிக்கு மேசையில் தட்டுகளை வைத்தாள். ஒன்றரை வரைக்கும் அந்தத் தட்டுகளை நேராக்கிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சுக்கா வாசத்தில் தலை சுற்றியது. ஒரு துண்டு கேட்டேன். அவிய வரட்டும் என்றாள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுந்தார்.

இரண்டு மணிக்கு மாமாவும் அத்தையும் வந்தார்கள். இருவர் மட்டும். மாமா உயரமாக, தொப்பையோடு, அம்மாவின் மூக்கோடு இருந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள். அத்தை தட்டில் பழத்தோடு பத்திரிகையை வைத்து நீட்ட, அம்மாவும் அப்பாவும் நின்று வாங்கிக்கொண்டார்கள். வெயிலைப் பற்றி ஒரு பேச்சு. பஸ் கூட்டத்தைப் பற்றி ஒரு பேச்சு. புதுத் திரையையோ, மஞ்சள் வெளிச்சத்தையோ, இடித்த சுவரையோ யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதற்காகத்தான் நான் ஒரு மாதம் சிமெண்ட் தின்றேன் என்று நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

“பொறப்படுவமா? இன்னும் நாலு வீடு கெடக்கு” என்றாள் அத்தை, மாமாவிடம்.

“சாப்பிட்டுட்டுப் போங்க மதினி. எல்லாம் ஆயிருச்சு” என்றாள் அம்மா.

“இருக்கட்டும். இப்பத்தான் ஒரு வீட்டுல காப்பி குடிச்சோம்.”

மாமா எழுந்துவிட்டார். அப்பாவும் எழுந்தார். அம்மா சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். இன்னொரு முறை அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. துக்கம் ஒன்றுமில்லை, பசி.

“மாமா, நீங்க இதுல உக்காந்து சாப்பிட்டாத்தான் எங்களுக்குச் சோறு. ஒரு மாசமா எங்கள ஒரு சேர்லகூட உக்கார விடல. நீங்க இப்படியே போனா இனிமேயும் விட மாட்டாங்க.”

“ஏட்டி, வாய மூடு” என்றாள் அம்மா. அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

மாமா என்னை முதல் முறையாக நிதானமாகப் பார்த்தார். பிறகு மேசையிடம் போய், ஒரு கையை அதன்மேல் வைத்தார்.

“எட்டு எதுக்கு?” என்று கேட்டார்.

“எண்ணித்தான் சொன்னாங்களாம்” என்று நான் சொன்னேன்.

அவர் நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நாங்கள் மூன்று பேர். அவர், அத்தை, இரண்டு பையன்கள், கல்யாணப் பெண். கடைசி நாற்காலிக்கு வந்ததும் பார்வை அங்கேயே நின்றது. பிறகு ஃபிரிட்ஜ் பக்கத்து நாற்காலியை இழுத்தார். அது பாதிதான் வந்தது. தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு சிரமப்பட்டு நுழைந்து உட்கார்ந்தார்.

“மாப்ள, நீங்க இப்படி வாங்க” என்று அப்பாவைக் கூப்பிட்டார். அத்தை கைப்பையைக் கீழே வைக்காமலே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

அம்மா பரிமாறினாள். நான் சோற்றில் கையை வைத்துப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில் மாமா கண்ணை மூடிக்கொண்டார். அத்தையும் மூடினாள். அம்மா கரண்டியோடு அப்படியே நின்று கண்ணை மூடினாள். அப்பாவும் நானும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் கவளம் அந்தரத்தில் நின்றது. மாமா மெல்லிய குரலில் ஜெபம் சொன்னார். சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார், மகளின் கல்யாணத்தைச் சொன்னார். அத்தோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. “என் தங்கச்சியையும், அவ வீட்டுக்காரரையும், இந்தப் பிள்ளையையும், இவிய இருக்கிற இந்த வீட்டையும் ஆசீர்வதியும்” என்று சொல்லித்தான் ஆமென் சொன்னார்.

நான் ஒரு வழியாகக் கவளத்தை வாயில் போட்டேன்.

“மோரு எடுத்துட்டு வாரேன்” என்று அம்மா அடுக்களைக்குள் போனாள்.

மோர்ச் சட்டி மேசையிலேயே, ரசத்துக்குப் பக்கத்தில் இருந்தது. யாரும் இன்னும் குழம்பையே தொடவில்லை. “மோரு இங்கதான்மா இருக்கு” என்று கத்தினேன். உள்ளே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி கத்த வாயைத் திறந்தேன். மாமா இடது கையை நீட்டி என் தலைமேல் வைத்தார்.

“விடு மருமவளே. செத்த நேரம் ஆவும். வருவா” என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

கண்ணெதிரே இருக்கிற மோரை எடுத்துவர எதற்குச் செத்த நேரம் ஆக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு ஆட்களை உட்கார வைத்துவிட்டு, சாப்பிடுகிற நேரத்தில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறவளை நினைத்து எரிச்சல்தான் வந்தது. நானே எல்லோருக்கும் சுக்காவை வைத்துவிட்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டேன்.