இல்லாத கல்யாணத்துக்கு ஒரு பரிசு: செஞ்சிக் கோட்டைக்கு ரகசியமாகப் போன கதை

பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்து, போய் இறங்கிய பிறகு சொல்லி அசத்தலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். தை மாதத்து முகூர்த்த ஞாயிறு ஒன்றில் தாம்பரத்திலிருந்து செஞ்சிக் கோட்டைக்கு நாங்கள் நான்கு பேர் போய் வந்தோம். கோட்டையில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் எங்கள் பக்கம்தான், அதிலும் முக்கால்வாசி என் வீட்டுக்காரர் பக்கம்.

மூத்தவள் யாழினிக்குப் பதினோரு வயது. போன வருடம் பள்ளியில் செஞ்சிக்கு அழைத்துப் போனார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. ராஜகிரி மலை உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அவள் வகுப்பில் எல்லாருக்கும் அந்தப் பாலத்தில் நின்று எடுத்த படம் உண்டு, அவளுக்கு மட்டும் இல்லை. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அப்பா மூன்று முறை வாக்குக் கொடுத்தார். மூன்று முறையும் ஆபீஸில் ஏதாவது வந்துவிட்டது. மூன்றாம் முறை அவள் அழக்கூட இல்லை. "இனிமே சொல்லாதீங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மனுஷனுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. இனி வாயால் சொல்லப் போவதில்லை, நேராக மலையடியில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறேன் என்றார். மகள் தன்னை மறுபடி நம்ப வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் வேண்டும். நானும் சரி என்றேன். சரி என்ற வாயை அன்றே தைத்திருக்கலாம்.

திருவண்ணாமலையில் ஆபீஸ் நண்பருக்குக் கல்யாணம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தார். திண்டிவனத்தில் திரும்பி செஞ்சி வழியாகத்தான் திருவண்ணாமலை போக வேண்டும், அதனால் பாதையில் சந்தேகம் வராது. முகூர்த்த நாள் வேறு. அதுவரை பொய் சுத்தம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள், இவர் அளவுக்கு மீறிப் பொருத்திவிட்டார். பெண் மாப்பிள்ளை பெயர் என்ன என்று யாழினி கேட்டதும், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "சதீஷ், பிரியா" என்றார். மறுநாள் அவள் ஒரு மரச் சட்டம் வாங்கித் தரச் சொன்னாள், படம் மாட்டுவோமே அந்தச் சட்டம். அதைச் சுற்றி மாவிலையும் கிளியும் வரைந்து, அடியில் தங்கக் கலரில் "சதீஷ் – பிரியா" என்று எழுதினாள். கல்யாணப் படத்தை அவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்களாம். வாரம் முழுக்க இதே வேலை. புதன்கிழமையே சொன்னேன், இது வம்பில் முடியும், ஏதாவது சொல்லி நிறுத்துங்கள் என்று. "நல்லாத்தானே வரையறா, விடு" என்றார்.

சின்னவன் முகிலனுக்கு ஏழு வயது. அவனுக்குக் கல்யாணம் என்றால் ஐஸ்கிரீம்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். யாழினி பட்டுப்பாவாடையில், முகிலன் ஒட்டிக்கோ வேட்டியில். மலையேறுவதற்கு வேண்டிய சுடிதார், அரைக்கால் சட்டை, ஷூ, தொப்பி எல்லாவற்றையும் முந்தின நாள் மதியமே ஒரு கட்டைப்பையில் போட்டு, மேலே என் பழைய புடவையைப் பரப்பி டிக்கியில் வைத்திருந்தேன். தாம்பரத்திலிருந்து செஞ்சி ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர். நிற்காமல் போனால் இரண்டரை மணி நேரம் போதும். எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆனது. கார் நகர்ந்ததுமே போனில் வழி சொல்லும் அம்மணி "செஞ்சிக் கோட்டை" என்று ஆரம்பித்தாள். நான் பாய்ந்து அவள் வாயை அடைக்க, இவர் வழி தவறினார். திண்டிவனத்தில் இட்லி சாப்பிடும்போது போனை மேஜை மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். செஞ்சி நண்பரிடமிருந்து "ரெடி மச்சான்" என்று செய்தி வந்து திரை மினுக்கியது. அதன் மேல் நான் சாம்பார் கிண்ணத்தை வைத்தேன். இப்படி ஒரு பிழைப்பு.

அந்த நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஏழுமலை, இவரோடு காலேஜ் விடுதியில் இருந்தவர். செஞ்சியில் ஃபிளக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருக்கிறார். மலையேறி இறங்கியதும் அவர் வீட்டில் சாப்பாடு என்று பேச்சு. பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர்களிடம் மூச்சு விடாதே என்று இவர் பத்து முறை சொல்லியிருந்தார்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். பாதி வழியிலேயே பாறைக் குன்றுகள் தொடங்கிவிடும். ஊர் நெருங்கியதும் தூரத்தில் ராஜகிரி தெரிந்தது. யாழினி கண்ணாடிப் பக்கம் நகர்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இதானே அது" என்று கூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு மடியில் இருந்த பரிசுப் பொட்டலத்தின் ஓரத்தை நீவிவிட ஆரம்பித்தாள். எனக்கு அங்கேயே சொல்லிவிடலாம் போல இருந்தது. இவரோ ஓரக்கண்ணால் என்னை முறைத்தார். இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர்தான், பொறு என்று அர்த்தம்.

முகிலன் புதிதாகக் கூட்டெழுத்துப் படிக்கக் கற்றவன், கண்ணில் பட்ட போர்டையெல்லாம் சத்தமாகப் படிப்பான். முகூர்த்த நாளில் அந்தப் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், சாலையின் இரண்டு பக்கமும் கல்யாண போர்டுதான். மணமக்கள் படம், மாமன்மார் படம், நண்பர்கள் வரிசை, அரிவாள் அளவுக்கு மீசை வைத்த சித்தப்பா. சதீஷ் – பிரியா போர்டை முதலில் கண்டுபிடிப்பவருக்கு மற்றவரின் ஐஸ்கிரீமும் சேர்த்து என்று இரண்டு பேருக்கும் பந்தயம். செஞ்சி கூட்டு ரோட்டில் வண்டிகள் தேங்கி, எங்கள் கார் நின்றது. முகிலன் வரிசையாகப் படித்தான். ராஜேஷ் – கீர்த்தனா. விக்னேஷ் – அபிநயா. அடுத்தது, "கோட்டையை வெல்ல வருகை தரும் யாழினி, முகிலன்…" அவன் நிறுத்தினான். "அம்மா, என் ஃபோட்டோ."

ஆமாம், அவன் போட்டோதான். பொங்கலுக்கு இவர் வாட்ஸப்பில் வைத்த படம், ஆளுயரத்துக்கு. பின்னால் கோட்டை. கீழ் மூலையில் வெள்ளைச் சட்டை போட்டுக் கை கூப்பியபடி ஏழுமலை. போர்டுக்குக் கீழேயே நிஜ ஏழுமலை பைக்கோடு நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் காதுகுத்தோ, பிறந்தநாளோ, புது டிராக்டரோ, எதற்கும் போர்டு வைக்காமல் இருக்க மாட்டார்கள், அதிலும் இவர் போர்டு அடிப்பவர். இருந்தாலும் ஒரு அளவில்லையா?

இவர் இறங்கிப் போய்க் கேட்டார். ஏழுமலை முகத்தில் ஒரு குற்றமும் இல்லை.

"இன்னா மச்சான், புள்ளைங்க கிட்ட சொல்லாதன்னுதான சொன்ன? நான் இன்னா சொன்னேனா? போர்டுதான வச்சேன். அதுவும் கல்யாண போர்டுங்களுக்கு நடுவுல வச்சிருக்குது, யாரு பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

நான் பின் சீட்டுப் பக்கம் திரும்பினேன். யாழினி துள்ளிக் குதிப்பாள் என்று இத்தனை நாளாக எதிர்பார்த்திருந்தோம். அவள் போர்டைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள்.

"அப்ப சதீஷ் மாமா யாரு?"

"யாரும் இல்லடா. சும்மா சொன்னோம்" என்றேன்.

"பிரியா அக்காவும் இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன். கோட்டையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொட்டலத்தைக் காலடியில் வைத்துவிட்டாள். முகிலன் ஐஸ்கிரீமுக்காக அழ ஆரம்பித்தான். இவர் படம் பிடிப்பதற்காகக் கையில் வைத்திருந்த போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் மூன்று பேரையும் அந்த போர்டிலேயே கட்டிவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன்.

இதற்கு மேலே ஷூ வேறு. ரகசியம் ரகசியம் என்று போட்டுப் பார்க்கச் சொல்லாமல் எடுத்து வந்தேன் அல்லவா? யாழினியுடையது போன வருடத்து ஷூ, பள்ளிச் சுற்றுலாவுக்கென்று வாங்கியது. குதிகால் உள்ளே போகவில்லை. அது என் தப்பு, எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவர் கமெண்ட்டில் வந்து எழுதுவார். ஏழுமலை எங்களைப் பஜாருக்கு அழைத்துப் போய், தெரிந்த கடையில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு கேன்வாஸ் ஷூ எடுத்துக் கொடுத்து, முகிலனுக்கு ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்தார். அவரை வெறுக்கவும் முடியவில்லை. அவர் வீட்டில் உடை மாற்றிக்கொண்டு கோட்டை வாசலுக்கு வந்தபோது மணி பதினொன்றரை. எட்டரைக்கே வந்து சேர்ந்து, டிக்கெட் கொடுப்பதற்கு முன்பே நிற்க நினைத்த இடம்.

ராஜகிரி ஏற எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. யாழினி யாரோடும் பேசாமல் விறுவிறுவென்று முன்னால் போனாள். நானும் முகிலனும் நடுவில். கடைசியில் இவர், ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து. ஒரு குரங்கு அவர் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நாங்கள் பாலத்தை அடைந்தபோது யாழினி இந்தப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தாள். பாலத்தில் கால் வைக்கவில்லை. போடி, போய் நில்லு, படம் எடுக்கிறேன் என்றேன். "அப்பா வரட்டும்" என்றாள். வெயிலில் காத்திருந்தோம். அவர் வேர்வையில் நனைந்து, சட்டை ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவள் எழுந்தாள்.

"அடுத்த தடவ சொல்லிடுங்கப்பா. சொல்லிட்டு கேன்சல் ஆனாகூட பரவால்ல. எனக்குத் தெரியாம பண்ணாதீங்க."

அவருக்குப் பேச மூச்சில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் நடந்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கிளாம்பாக்கத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ்கள் உண்டு. செஞ்சி ஊரிலிருந்து கோட்டை இரண்டு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். நாங்கள் போனபோது பெரியவர்களுக்குத் தலைக்கு இருபத்தைந்து ரூபாய், பிள்ளைகளுக்கு இலவசம். பிற்பகல் மூன்றுக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள், ஒன்பது மணிக்கே வாசலில் நில்லுங்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள், மேலே வாங்க முடியாது. தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள். ஷூவை ஒரு வாரம் முன்னால் போட்டுப் பாருங்கள். ரகசியமாகத்தான் போவேன் என்றால், பொய்யில் யாருக்கும் பெயர் வைக்காதீர்கள். அந்த ஊரில் ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவரிடமும் ரகசியமாகவே போங்கள்.

அந்தச் சட்டம் இப்போது எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. அப்பாவும் மகளும் பாலத்தில் நிற்கும் படத்தை யாழினியே அதில் வைத்தாள். அடியில் உள்ள பெயரை மறைத்து வேறு ஏதாவது எழுதேன் என்றேன், மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, யார் இந்த சதீஷ் – பிரியா என்று கேட்கிறார்கள். யாழினி வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பாவையே கேளுங்க" என்கிறாள். அவர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நான் காபி போட உள்ளே போய்விடுவேன்.