கம்பெனி வாசலில் ஒரு வாய்ச் சோறு

பேய், ஆவி, ஜோசியம் எதையும் நம்பாதவன் நான். வேதியியல் படித்தவன், எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அதனால் இதை வெளியே சொல்ல இன்றைக்கும் கூச்சம். நீங்கள் சிரித்தாலும் தப்பில்லை, முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

சூலக்கரையில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. லீவு கிடைத்தால் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பழைய கோட்டை, எல்லைப்புறம், செய்தியில் மட்டும் வருகிற ஊர்கள், இப்படி. போன வருஷம் கார்கில் பக்கம் போக ஆசை வந்தது. அப்பா இல்லை. அம்மா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளிடம் கேட்டேன்.

"ஏலே, வெடிச்சத்தம் கேக்கணும்னா இங்கனயே கேக்கலாம்ல. அதுக்கு அம்புட்டுத் தூரம் போகணுமாக்கும்?"

அதனால் சென்னையில் ட்ரெயினிங் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது என்பது போய் இறங்கின பிறகுதான் தெரிந்தது. வேறு யார் போனிலாவது கூப்பிட்டிருக்கலாம். பொய் உடைந்துவிடும் என்று பயந்தேன்.

மூன்றாம் நாள் எல்லையை ஒட்டிய ஒரு காலிக் கிராமத்துக்கு வாடகை வண்டிக்காரர் கூட்டிப்போனார். மலைச்சரிவில் கல் வீடுகள். சண்டை வந்தபோது சனங்கள் போட்டது போட்டபடி ஓடினார்களாம்; ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். அவர் ஹிந்தியில் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். நான் மட்டும் மேலே ஏறினேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, மூச்சு வேறு வாங்குகிறது. ஒரு வீட்டில் அடுப்படி போலிருந்த இடத்தில், கிடந்த ஒரு பழைய கம்பளிமேல் சாய்ந்து உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும், கண் அசந்துவிட்டது.

எழுந்தபோது பசியே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வயிறு நிறைந்திருந்தது. வாயில் கருவாட்டுக் குழம்பு ருசி. உதட்டோரம் துடைத்தால் விரலில் வெள்ளியாக ஒரு மினுக்கம். பட்டாசு மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி அப்படித்தான் இருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அம்மாவின் நகக்கண்ணில் போகாது. மலைக்கல்லில் மின்னுகிற அப்பிரகம், அதாவது மைக்கா, இருக்கும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு இறங்கினேன்.

டெல்லி வந்துதான் போன் எடுத்தது. அம்மா அழுதாள். "சாப்பிட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லாம எங்கய்யா போனே?"

வீட்டுக்கு வந்ததும் என் முகத்தை, கையைத் தடவிப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். நான் மலை வீட்டில் கண் அசந்த அதே மத்தியானம், வெயிலில் காயப்போட்ட வெடிகளைத் திருப்பிப்போடக் காயவைக்கிற மேடைக்குக் கிளம்பியிருக்கிறாள். மகன் வந்திருக்கான் என்று வாட்ச்மேன் வந்து கூப்பிட்டாராம்.

"பசிக்குதும்மான்னு மட்டும் சொன்னே. கை ஐஸா இருந்துச்சு. கேட்டுக்கிட்ட வச்சு என் சோத்தை நாந்தான் ஊட்டிவிட்டேன்."

கடைசி வாய் ஊட்டும்போது மேடை வெடித்திருக்கிறது. அங்கே ஆள் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதறிப்போய்த் திரும்பிப் பார்த்திருக்கிறாள், என்னைக் காணோம்.

நான் எங்கே இருந்தேன் என்பதைச் சொன்னேன். அம்மா எழுந்துபோய்த் தட்டை எடுத்து வைத்தாள். பிறகு, "பொய் சொன்னதுக்கு அப்புறமா வையிறேன். இப்ப உக்காரு, சாப்பிடு" என்றாள்.

ஆள் மாறாட்டமாக இருக்கும் என்று வாட்ச்மேன் மாமாவிடமே போய்க் கேட்டேன்.

"உன்னைத் தெரியாதாலே எனக்கு? நீதான். ஆமா, உன்கூடக் கம்பளி போத்திக்கிட்டு வந்தாகளே ஒரு அம்மா, அவுக யாரு? வேகாத வெயில்ல கேட்டுக்கு வெளியவே நின்னாக. உள்ள வாங்கன்னேன், பாஷை புரியல போல. நீ சாப்பிடுறதையே பாத்து அழுதுக்கிட்டு இருந்தாக."

அம்மா அப்படி யாரையும் பார்க்கவில்லை. ஆனால் மாமா சொன்னதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரே மனக்குறை, ஒரு வாய் கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே என்று. ஒரு மாசம் மூடிக்கிடந்து திறந்த அதே கம்பெனிக்கு இப்போது தூக்குவாளியில் இரண்டு பேர் சாப்பாடு கொண்டுபோகிறாள். சாயங்காலம் தூக்குவாளி காலியாகத்தான் வருகிறது. நானேதான் அதைக் கழுவி வைக்கிறேன். கூடச் சாப்பிட்டது யார் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.