வசந்தாவின் கேம்ப்பும் என் ஒரு மணி நேர நெசவும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டுப்புடவையைக் கெடுக்கப் பார்த்தேன். வேண்டுமென்று அல்ல... நல்லது செய்யப் போய்!

நான் சயன்ஸ் டீச்சர் என்பது வாரம் தவறாமல் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். போதாக்குறைக்கு என்.சி.சி. பொறுப்பும் என் தலையில். காலையில் லெஃப்ட் ரைட், மத்தியானம் ஆக்சிஜன்.

இரண்டிலும் கெட்டிக்காரி ஒன்பதாம் வகுப்பு வசந்தா. ஓர் ஆணி, கொஞ்சம் செம்புக் கம்பி, இரண்டு டார்ச் செல் — இவற்றை வைத்துக்கொண்டு தந்திக் கருவி செய்துவிட்டாள். ஒரு வகுப்பில் தட்டினால் அடுத்த வகுப்பில் 'டிக் டிக்' என்கிறது. பார்க்க வந்த என்.சி.சி. அதிகாரி, வேலூரில் நடக்கும் பத்து நாள் கேம்ப்புக்கு, சிக்னல் பயிற்சிக்கு, இவளை அனுப்பியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பள்ளியிலிருந்து இவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை வந்து நின்றாள். அப்பா சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். அழவில்லை, அட்டென்ஷனில் நின்றபடி சொன்னாள்.

எனக்குத்தான் கோபம் வந்தது. பெண் பிள்ளை என்றால் வெளியூர் போகக் கூடாதா? காலம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது? இப்படி வழி நெடுக வாதங்களை அடுக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீடு இருக்கும் பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன்.

அத்தனையும் வீண். வசந்தாவின் அப்பா ஏகாம்பரம், பெண் பிள்ளை என்பதால் அனுப்ப மாட்டேன் என்று சொல்லவே இல்லை. தறியைக் காட்டினார். கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அவர் உடலுக்கு நூல் சுற்றிய நாடாக் கட்டையைக் குறுக்கே விடும்போது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு விட வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. அம்மா பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனதிலிருந்து அந்த இன்னொருவர் வசந்தாதான். புடவையோ தை மாதம் முதல் முகூர்த்தத்துக்கு.

"இவ போனா தறி நின்னுடும் டீச்சரம்மா. கல்யாணப் பொண்ணு காத்துக்கினு இருக்குது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க."

நியாயம்தானே? வேறு ஆளே கிடையாதா என்றேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குக் கோர்வை நன்றாக வரும், ஆனால் நடுச்சுவர்த் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சில்லை என்று வசந்தா முணுமுணுத்தாள். ஏகாம்பரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? பத்து நாளும் நானே வந்து உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சிரித்து மறுப்பார் என்று நினைத்தேன். மரியாதைக்காரர்... இடம் விட்டார்.

ஒரே ஒரு மணி நேரம். அவர் விடுவதற்கு முன்னால் விட்டேன். விட வேண்டிய நேரத்தில் மறந்தேன். இரண்டு நிறமும் சேர வேண்டிய இடத்தில் சந்து பல்லை இளித்தது. இழை வேறு அறுந்தது. ஒரு குரலில் ஐம்பது பெண்களைத் திருப்புகிற எனக்கு, வலது கை எது, இடது கை எது என்றே புரியவில்லை. டீச்சரைத் திட்ட முடியுமா? பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். விரலளவு நெய்வதற்குள் மூன்று முறை துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டார்.

திடீரென்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அடுத்த வீட்டு வாசலில் அவர் குரல் கேட்டது.

"அண்ணி... பத்து நாளு வந்து தறியில குந்துங்க. தப்பு என் மேலதான்."

வசந்தா சுவரில் காதை வைத்தாள். நானும்தான். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் உள்ளே வந்தார். என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். நான் நெய்த விரலளவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஏகாம்பரம் என்னிடம் படிவத்தை வாங்கி, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். வசந்தா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் வெட்கமென்ன?

நேற்று அவளை வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். பள்ளிக்கூடமே கேட்கிறது — அப்படி என்ன பேசி அந்த மனிதரைச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று.

பேசியா? நெய்து காட்டியல்லவா!