அப்பம் வாங்கின வலது கை

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். போன வருடம் அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள், அடுப்பிலிருந்து பாலை இறக்கும்போது பாத்திரம் நழுவியது. பக்கவாதத்தில் என் வலது கை விழுந்துபோனது.

மண்ணூரில் எங்கள் சபையில் திருவிருந்துக்கு வலது கையைத்தான் நீட்டுவோம். ஆண்டவருடைய அப்பத்தை இடது கையில் வாங்க எனக்கு மனம் வரவில்லை. கோயிலுக்குப் போவதையே விட்டேன். கைக்கு எண்ணெய் பூசி, துணி சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, "எழுப்பும் ஆண்டவரே" என்று மூன்று மாதம் காத்திருந்தேன். அசைத்துப் பார்ப்பதே அவிசுவாசம் என்று நினைத்தேன். கை அப்படியே கிடந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

கடைசி மருமகள் மெர்சிக்கு ஒரகடம் கம்பெனியில் வேலை. புதிதாக வரும் பெண்களுக்கு வேலை பழக்குகிறவள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தவள், என் இடது கையை என் முந்தானையாலேயே இடுப்போடு கட்டினாள். எதிரே ஒரு தட்டில், கடையில் வாங்கிய நட்டும் போல்ட்டும் வைத்தாள்.

"இன்னாடி, மாமியாரையே கட்டிப்போடுறியா?"

"ஆமா அத்தை. அந்தக் கை ஓ.டி. பாத்துக்கினே இருந்தா, இது எப்போ டூட்டிக்கு வரும்?"

"இது செத்த கைடி."

"கை சாவல. மூளையில கொஞ்சம் இடம்தான் செத்துச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கம்பெனி லைன்ல ஒருத்தி வேலைய விட்டு நின்னுட்டா பக்கத்துல கீறவ அவ வேலையையும் கத்துக்கிறா இல்ல? அதுமாரி பக்கத்து இடம் கத்துக்குமாம். திரும்பத் திரும்ப செய்யணும். சுத்துங்க."

கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனாலும் லேசாக அசைந்த விரல்களால் சுற்றிப் பார்த்தேன். நட்டு விழும், எடுப்பேன், விழும். பெரிதாக ஜெபிக்கத் திராணியில்லை. "இந்த ஒரு சுற்று, ஆண்டவரே" என்று மட்டும் கேட்டேன். தவக்காலத்தில் ஒரு நட்டு போல்ட்டில் ஏறி நின்றது.

"பாஸ் அத்தை! நாளைக்கே லைன்ல நிக்கலாம்" என்று மெர்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஈஸ்டர் அன்று வலது கையை நீட்டினேன். விரல்கள் மெல்ல விரிந்தன. போதகர் பொறுமையாக நின்றார். அப்பம் உள்ளங்கையில் விழுந்தது. விரல்கள் மூடின.

இன்றும் இரண்டு விரல் மரத்தே இருக்கிறது. நாலு நாள் சுற்றாவிட்டால் மற்றதும் மறந்துபோகும். அசதிதான். ஆனால் நான் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தபோதே, கர்த்தர் என் வீட்டுக்குள் மெர்சியை வைத்திருந்தார். அவருக்கு ஸ்தோத்திரம். என்னைப் போலப் படுத்துக் கிடக்கிறவர்களே, அவரை நம்புங்கள். நம்பிக்கொண்டே கையைச் சுற்றின துணியை அவிழுங்கள்.

இதை வலது கையால்தான் எழுதினேன். எட்டு நாள் ஆனது. பேத்தியைக் கூப்பிடுகிறேன்.

"ரூபி, இங்க வாம்மா. ஆயா எழுதினத சத்தமா படி. தப்பு இருந்தா நீ பேனாவத் தொடாத. சொல்லு, நானே திருத்துறேன்."