பொங்கல் சீரில் இல்லாத பாட்டில்

காரைக்கால்காரனுக்கு ஊர்ப்பட்ட சொந்தம் உண்டு. வாஞ்சூர் செக்போஸ்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் எவன் வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "சரக்கு கொண்டாந்தியா?" எங்கள் ஊரில் விலை குறைவு. பெரிய பெருமை, த்தூ.

அக்காவை நாகப்பட்டினத்தில் கொடுத்திருந்தோம். வருஷா வருஷம் பொங்கல் சீர் கொண்டுபோவது நான்தான். பச்சரிசி மூட்டைக்குள் இரண்டு பிராந்தி பாட்டிலைப் புதைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். கரும்பு இல்லாவிட்டால் அத்தான் கேட்கமாட்டார். பாட்டில் இல்லாவிட்டால் விடமாட்டார்.

போன மார்கழியில் அவருக்குக் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிவிட்டது. ஈரல் கெட்டுப்போச்சு, இனி ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது என்றார் டாக்டர். அதனால் இந்தப் பொங்கலுக்கு வெறும் சீரோடு போனேன்.

அத்தான் மூட்டையைத் தரையில் கவிழ்த்து, அரிசியைத் துழாவினார். ஒன்றுமில்லை. நான் கொண்டுபோன வெண்கலப் பானையைத் தூக்கி அக்கா தலையில் அடித்தார். மறுபடியும் ஓங்கினார். நான் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். வாயில் ரத்தம் ஒழுக ஒழுக என் அம்மாவை இழுத்துத் திட்டினார். இன்னும் இறுக்கினேன். கொன்றிருப்பேன்.

அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் நெற்றியிலிருந்து ரத்தம் பச்சரிசியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணாவது வாங்கிட்டு வந்திருக்கக் கூடாதாடா?" என்று என்னைக் கேட்டாள்.