திருப்பிக் குடுங்ணா!

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகப் பாதியில் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மானம். எனக்கு ரிமோட் விமானம் ஓட்டத் தெரியும் என்று நானே நம்பி, ஒரு கிளப்பையே நம்பவைத்திருந்தேன். உண்மையில் எனக்கு ஓட்டத் தெரிந்ததைவிடக் கதைக்கத் தெரிந்ததுதான் கூட.

இது நடந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். லண்டனின் வடமேற்கு ஓரத்தில் எங்கள் கிளப் வாடகைக்கு எடுத்திருக்கும் புல்வெளி அது. நான் கிங்ஸ்பரியில் இருக்கிறேன். கிழமை நாட்களில் இரட்டைத் தட்டு பஸ் ஓட்டுகிறேன். அதைக் குட்டிக்கரணம் போடவைத்தால் வேலை போய்விடும் என்பதால், அந்த ஆசையை ஞாயிறுகளில் ஆகாயத்தில் தீர்த்துக்கொள்வேன்.

கிளப்பில் தமிழர் இரண்டே பேர். நான் யாழ்ப்பாணத்தான். மற்றவர் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வாக்கியத்தின் வாலில் அண்ணா என்பதற்கு ஒரு ‘ங்ணா’ போடாமல் வாயை மூடமாட்டார். நான் அவரைத் தம்பி என்பேன். அவருடைய தமிழுக்கு நான் சிரிப்பேன், என்னுடையதுக்கு அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில்தான் சிநேகிதமே தொடங்கியது.

தம்பி இரண்டு குளிர்காலங்களாகத் தன் வீட்டுச் சின்ன அறைக்குள் இருந்து, பால்சா மரத்தைச் சீவி, ஒட்டி, மஞ்சள் துணி போர்த்தி ஒரு விமானம் கட்டியிருந்தார். நான் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம் அதன் இறக்கை. யூலையில் கிளப்பின் திறந்த நாள். சனங்கள் பார்க்க வருவார்கள். அதில் பறப்பதற்காகத்தான் அதைக் கட்டினார். அந்த நேரம் அவருடைய அப்பாவும் ஒரு மாதம் தங்க வருவதாக இருந்தது.

“அப்பா லேத் பட்டறை வெச்சிருந்தவருங்ணா. நான் ஆபீஸ்ல என்ன செய்யறேன்னு அவருக்கு எத்தனை சொன்னாலும் புரியாது. இதை ஒருக்கா கண்ணால பார்த்தாருன்னா புரியும்” என்றார்.

அன்று காலை இரண்டு தடவை அழகாகப் பறக்கவிட்டு இறக்கினார். வெள்ளைக்காரக் கிழவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கை அரித்தது.

“தம்பி, ஒருக்கா தாங்கோவன். ஒரு ஸ்பின் காட்டுறன்.”

ஸ்பின் என்பது வேண்டுமென்றே விமானத்தை விழவிடுவது. நல்ல உயரத்துக்குப் போய் எஞ்சினை அடக்கி, மூக்கை மேலே தூக்கிப் பிடித்தால் அதற்குப் பறக்கும் பலம் போய்விடும். அந்த நேரம் பார்த்து வாலில் உள்ள சுக்கானை, நாங்கள் ரட்டர் என்போம், ஒரு பக்கமாக முழுதும் திருப்பினால், அது சுழன்று சுழன்று கீழே வரும். பார்க்க வடிவாக இருக்கும். அந்தச் சுழலிலிருந்து வெளியே எடுக்கத் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

தம்பி யோசித்தார். ஆனால் பெரியவன் கேட்டால் மறுக்கத் தெரியாத வளர்ப்பு. விமானத்தை ஓட்டும் இரண்டு குச்சிகள் உள்ள ரேடியோப் பெட்டியை என் கையில் தந்து, “மத்ததுக மாதிரி குச்சியை விட்டா இது தானா வெளிய வராதுங்ணா. ரட்டரை எதிர்ப்பக்கம் முழுசாக் குடுக்கோணும்” என்றார்.

நான் “ஓமோம்” என்றேன். காது அங்கே இல்லை. பக்கத்தில் நின்ற கிழவர்களுக்கு, பஸ்சில் வாத்தோடு ஏறி, வாத்துக்கும் டிக்கெட் வேண்டுமா என்று கேட்ட மனுசியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏற்றினேன். அடக்கினேன். இடப்பக்கம் முழு ரட்டர். மஞ்சள் விமானம் சுற்றத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. கிழவர்கள் ஆகா என்றார்கள். நான் குச்சியை விட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்தேன். விமானத்தைப் பார்த்திருக்கவேண்டியவன், ரசிகர்களைப் பார்த்தேன்.

“திருப்பிக் குடுங்ணா!” என்றார் தம்பி.

எங்கள் ஊரில் திருப்பி என்றால் முதலில் ‘இன்னொருக்கா’ என்றுதான் காதில் விழும். திருப்பிச் சொல்லு, திருப்பிப் பாடு. பாரன், இந்தப் பிள்ளைக்கும் ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, மறுபடியும் இடப்பக்கமே கொடுத்தேன்.

“திருப்பி! திருப்பிக் குடுங்ணா!”

“குடுக்கிறன் தம்பி, குடுக்கிறன்!” என்றேன், சிரித்துக்கொண்டே.

முட்டைப் பெட்டியை யாரோ மிதித்தது போல ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு மூன்று விநாடிக்குள் எனக்கு விளங்கிவிட்டது. அவர் சொன்னது ‘இன்னொருக்கா’ அல்ல. மற்றப் பக்கம் திருப்பு என்று.

பாதுகாப்புப் பொறுப்பாளர் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார். என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது: எதிர்ப்பக்கம் ரட்டர் கொடுத்தேன், ரேடியோ சொல்லுக் கேட்கவில்லை.

தம்பி என்னைப் பார்த்தார். பிறகு புல்லுக்குள் குனிந்து மஞ்சள் துண்டுகளைப் பொறுக்கப் போனார்.

ரேடியோக் கோளாறு என்றால் அது கட்டினவருடைய பிழை. அவருடைய எல்லா விமானங்களையும் கழற்றிச் சோதிக்கும்வரை பறக்கத் தடை விழுந்தது. திறந்த நாள் பட்டியலிலிருந்து பெயரும் போனது. சரி, அத்தோடு நான் வாயை மூடினேனா? இல்லை. அடுத்த கிழமை கிளப்பில் தேநீர்க் கெட்டில் கொதிக்கவில்லை. “இதுக்கும் எங்கட தம்பியா வயர் இழுத்தவர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அங்கே எது பழுதானாலும் அந்தப் பகிடிதான். என் வாழ்நாளில் மிக நன்றாக எடுபட்ட பகிடி அது.

யூலை வந்தது. திறந்த நாளில் தம்பி மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு கார் நிறுத்த இடம் காட்டிக்கொண்டு நின்றார். அவருடைய அப்பா, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையோடு மடக்குக் கதிரையில் இருந்து, ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கப் போன நேரம் அவர் மகனைக் கேட்டது காதில் விழுந்தது.

“உன்றது எப்போடா வரும்?”

“இந்த வருசம் இல்லீங்ப்பா.”

கிழவர் தலையாட்டினார். அதற்குப் பிறகும் ஆகாயத்தையேதான் பார்த்தார். மகன் கூச்சத்தில் பொய் சொல்கிறான், கடைசியில் வரும் என்று நினைத்திருப்பார் போல. கடைசி விமானம் இறங்கும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை.

சனம் கலைந்த பிறகு, கார் நிறுத்துமிடத்தில் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்த தம்பியிடம் போனேன். “தம்பி, அண்டைக்கு ரேடியோவில பிழையில்லை” என்று தொடங்கினேன்.

“தெரியுங்ணா. ரேடியோப் பெட்டிக்குள்ள எல்லாம் பதிவாகுது. குச்சி கடைசி வரைக்கும் வலது பக்கம் போகவே இல்லை. அன்னைக்கு வீட்டுக்குப் போனதுமே பார்த்துட்டேன்.”

“பிறகேன் ஒருத்தருக்கும் காட்டேல்லை?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்ணா.”

அடுத்த கூட்டத்தில் குழுவுக்கு முன்னால் எழும்பி உண்மையைச் சொன்னேன். எனக்கு மூன்று மாதத் தடை, அவருடைய தடை நீக்கம். அதற்குள் அவருடைய அப்பா ஊருக்குப் போய்விட்டார். தம்பியும் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டதை யாரும் மன்னிப்பார்கள். சொல்லப்போனால் அது நல்ல பகிடி, இரண்டு பேருமாகச் சேர்ந்து வயதானபின்னும் சொல்லிச் சிரித்திருக்கலாம். சரியாக விளங்கிக்கொண்டு இரண்டு மாதம் நான் சும்மா இருந்தேனே, அதற்குத்தான் சொல்லித் தப்பிக்க எந்தத் தமிழிலும் எனக்கு ஒரு சாட்டு கிடைக்கவில்லை. இப்போதும் பஸ்சில் யாராவது “திருப்பி” என்று போனில் சொன்னால், ஸ்டியரிங்கில் என் இடது கை ஒருமுறை இறுகும்.

இந்த வருடம் தைப்பொங்கலன்று துணிந்து அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். “தம்பி, நான் ஒரு மஞ்சள் விமானம் கட்டத் தொடங்கியிருக்கிறன். கோணல்மாணலாத்தான் வருது. முடிச்சபிறகு ரேடியோ உங்கட கையில. திருப்பி ஒருக்கா சேர்ந்து பறப்பமே?”

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

“திருப்பி வேண்டாங்க.”