இரண்டு போத்தல் பால்

கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் வார்டில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ரிட்டையர் ஆனவள் நான். வயிற்றில் இரட்டை என்று கேள்விப்பட்டாலே இரண்டு இன்குபேட்டரைத் துடைத்து வைத்துவிடுவோம். பெரும்பாலும் அதுகள் பத்து மாதம் காத்திருக்காது.

சுகந்தி என்று ஒருத்திக்கு ஏழாம் மாதமே வலி வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து இரண்டு பெண் குழந்தைகளை எடுத்தார்கள். உரித்து வைத்த மாதிரி இரண்டும் ஒரே ஜாடை. குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டு, பந்தாங் இருக்க அவள் பந்திங் ஊரிலிருக்கும் தன் வீட்டுக்குப் போனாள். பந்தாங் என்றால் பிள்ளை பெற்றவள் வெளியே தலைகாட்டாமல் பத்தியம் காப்பது. தினமும் பாலைப் பீய்ச்சி இரண்டு போத்தலில் ஊற்றி, ஒன்றில் 'பெரியவ', இன்னொன்றில் 'சின்னவ' என்று எழுதி ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவாள். புருஷன் தனபாலன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கொண்டுவருவார். இரண்டு பிள்ளைகளையும் போனில் படம் எடுத்துப் போய் அவளிடம் காட்டுவார்.

பிறந்த வாரமே கிருமி தாக்கிச் சின்னவள் போய்விட்டாள். தனபாலனும் அவர் அண்ணனும் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். மறுநாள் அதே பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே இரண்டு போத்தல்.

"அவகிட்ட இன்னும் சொல்லல மிஸ்ஸி. பச்சை உடம்புக்காரி. காதுல போடாதன்னு வீட்டுல சொல்றாங்க. பந்தாங் முடியட்டும் லா."

"எப்படிண்ணே மறைப்பீங்க? டாக்டர வந்து பேசச் சொல்லவா?"

"வேணாம் மிஸ்ஸி. உங்களக் கும்பிடுறேன்."

பெரியவளை இடது பக்கம் நின்று ஒரு படம் எடுத்தார். சுற்றிப்போய் வலது பக்கம் நின்று இன்னொன்று எடுத்தார். பிறகு கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். தோள் குலுங்கியது. எனக்கு வந்த கோபமெல்லாம் அதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அவள் போன் செய்தால் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் ஒரு நாளும் அவள் போன் செய்யவில்லை. 'சின்னவ' போத்தலையும் பெரியவளுக்கே கொடுத்தோம். வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸ் வரை கொமுட்டர் ரயிலில் இதையே நினைத்துக்கொண்டு வருவேன். வாடகை அறையில் விளக்கைப் போட்டால், என்ன ஏது என்று கேட்க ஆளில்லை. ஒண்டிக்கட்டைக்கு அடுத்தவர் துக்கம் பெரிய பாரம்.

பந்தாங் முடியவில்லை. ஒருநாள் தலையில் துணி சுற்றி, காலுறை போட்டுக்கொண்டு, வாடகைக் காரில் சுகந்தி தனியாக வந்துவிட்டாள். பெரியவளைப் பார்த்தாள். பக்கத்துக் காலி இடத்தையும் பார்த்தாள்.

"சின்னவள எங்க அடக்கம் பண்ணாங்க மிஸ்ஸி?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"ரெண்டு படத்துலயும் மூக்கு ட்யூப் பிளாஸ்டர் ஒரே மாதிரி கிழிஞ்சிருந்துச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா ரெண்டு போத்தல் அனுப்புனீங்க?"

"ஒன்னு அனுப்புனா, எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிரும். லோரி ஓட்டுற மனுசன். ரோட்டுல மனசு உடைஞ்சிட்டா என்ன பண்றது? அவரு பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டு அழுவாரு. நான் பால் எடுக்கிறப்போ அழுவேன். இனிமே என்னால முடியல மிஸ்ஸி."

அந்த நேரம் தனபாலன் பெட்டியோடு உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். காலையில் அவள் கட்டிக் கொடுத்த பெட்டி. வழியில் அவர் திறந்து பார்த்திருக்கவில்லை.

"தொறங்க" என்றாள்.

திறந்தார். ஒரே ஒரு போத்தல் இருந்தது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தையல் ஆறாத வயிற்றோடு அவளும் மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு எந்த அப்பா வந்து மறைக்கச் சொன்னாலும் ஒன்றுதான் சொல்வேன். ரிட்டையர் ஆகும்வரை, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கும் அதையே சொன்னேன். பச்சை உடம்பு தாங்கும். கூட உட்கார்ந்து அழ ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.